தீக்குச்சியில் தொடங்கி எஞ்சின் வரை: மரவாயு செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்துக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுடர் குச்சியோடு ஒட்டிக்கொண்டு இல்லை. குச்சிக்கும் மஞ்சள் சுடருக்கும் நடுவில் மெல்லிய இருட்டு இடைவெளி ஒன்று தெரியும். சுடரில் எரிவது மரம் அல்ல, சூடேறிய மரத்திலிருந்து கிளம்பும் ஆவி. ஊதி அணைத்ததும் எழும் வெள்ளைப் புகை, அதே ஆவி எரியாமல் போவதுதான். கையில் மிஞ்சும் கறுப்புக் குச்சி கரி. கேசிஃபையர் என்பது விறகைக் குறைந்த காற்றில் எரித்து, எஞ்சினில் எரிக்கக் கூடிய மரவாயுவாக மாற்றும் கலன். அதற்குள் நடப்பது எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்: ஆவி, நெருப்பு, கரி. இவை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் வடிவமைப்பு.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பழைய டிரம்மும் ஒரு சின்ன ஜெனரேட்டரும் வைத்துக்கொண்டு, நேராக எஞ்சினை ஓட்டிவிடத் துடிப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் நாள் எஞ்சின் 40 நிமிடம் ஜோராக ஓடியது. மறுநாள் காலை கயிற்றை இழுத்தேன். கை லேசாகப் போய் வந்தது, கம்ப்ரஷனே இல்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், காற்று உள்ளே வரும் வால்வு பாதி திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கறுப்புப் பிசின் போல ஒன்று அதைக் கவ்விப் பிடித்திருந்தது. அதுதான் தார். சூடாக இருந்தவரை வழுக்கிக்கொண்டிருந்தது, இரவு ஆறியதும் இறுகிவிட்டது.

எரியும் வாயு எடுப்பது சுலபம். எந்த டப்பாவில் விறகைப் போட்டுக் காற்றைக் குறைத்தாலும் ஏதோ ஒரு வாயு வரும். தார் இல்லாத வாயு எடுப்பதுதான் கஷ்டம். கீழே சொல்லும் படிகளின் வரிசை அந்த ஒரு காரணத்துக்காகவே இப்படி அமைந்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

கீழ்நோக்கி இழுக்கும் வகையை எடுத்துக்கொள்வோம். மேலே விறகு, கீழே சல்லடைத் தட்டு, நடுவில் காற்று நுழையும் குழல்கள். எஞ்சினோ புளோயரோ அடியிலிருந்து உறிஞ்சும். மேலே இருக்கும் விறகு முதலில் உலரும். 200 டிகிரிக்கு மேல் போனதும் மரம் பிரிந்து ஆவியும் தாரும் கரியும் ஆகும். இந்த ஆவி கீழே இறங்கி, காற்றுக்குழல்களின் முன்னால் 1000 டிகிரிக்கு மேல் இருக்கும் நெருப்பைக் கடந்தாக வேண்டும். அங்கே தாரில் பெரும்பகுதி எரியும் அல்லது உடையும். அடுத்ததாக வரும் கரிப்படுகையில்தான் உண்மையான வாயு பிறக்கிறது: எரிந்து வந்த கார்பன் டை ஆக்சைடு சூடான கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது, நீராவி கரியோடு சேர்ந்து ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் தருகிறது. இந்த இரண்டு வினைகளும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்பவை. அதனால் படுகை கீழே போகப் போக ஆறும். 700 டிகிரிக்குக் கீழே போனால் வினை ஏறக்குறைய நின்றுவிடும்.

வெளியே வரும் வாயுவில் பாதி நைட்ரஜன், அதாவது காற்றோடு வந்த சும்மா சரக்கு. கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம் அளவில், ஹைட்ரஜன் 15 முதல் 20 சதவீதம், மீத்தேன் ஒன்றிரண்டு சதவீதம், மீதி கார்பன் டை ஆக்சைடு. ஒரு கன மீட்டரில் 5 மெகாஜூல் ஆற்றல் இருந்தால் நல்ல வாயு. இயற்கை எரிவாயுவில் இது ஏழு மடங்குக்கு மேல். பெட்ரோல் எஞ்சினை மரவாயுவில் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சக்தி குறைவதற்கு இதுதான் காரணம். உங்கள் கைவேலையில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

தொடங்கும் முன்

அந்த 20 சதவீதக் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தலைவலியும் குமட்டலும் வருவதற்குள் யோசிக்கும் திறன் மங்கிவிடும் என்பதுதான் இதில் பயங்கரம். ஆகவே எல்லா வேலையும் திறந்த வெளியில் மட்டுமே. கதவு திறந்த ஷெட் திறந்த வெளி ஆகாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், தனியாக இருக்கும்போது கலனைப் பற்றவைக்காதீர்கள்.

இன்னொன்று, துத்தநாகப் பூச்சு உள்ள பைப்பும் தகரமும் நெருப்புப் படும் இடத்தில் வேண்டாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வந்து படுக்க வைத்துவிடும். பூச்சில்லாத இரும்பு, இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

முதல் படி: டப்பா அடுப்பு

மேலிருந்து பற்றவைக்கும் சிறிய அடுப்பு ஒன்று செய்யுங்கள். ஒரு லிட்டர் அளவுள்ள டப்பா உள்ளே, அதைச் சுற்றி ஒரு செ.மீ. இடைவெளி விடும் பெரிய டப்பா வெளியே. உள் டப்பாவின் அடியில் 3 மி.மீ. துளைகள் 25 போல, அதன் விளிம்புக்குச் சற்றுக் கீழே 6 மி.மீ. துளைகள் 16 முதல் 20. வெளி டப்பாவின் கீழ்ப்பக்கத்தில் காற்று தாராளமாக நுழையும்படி வெட்டிவிடுங்கள். மேலே இரண்டு டப்பாவுக்கும் இடையிலான இடைவெளியை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் சூடேறிய காற்று அந்த வழியாகவே ஓடிவிடும், மேல் துளைகளுக்கு எதுவும் மிஞ்சாது.

காய்ந்த சுள்ளியை விரல்நீளத்துக்கு ஒடித்து, மேல் துளைகளுக்கு இரண்டு விரற்கடை கீழே வரை நிரப்புங்கள். பற்றவைப்பது மேலே. முதல் சில நிமிடம் சாதாரண நெருப்பாகத்தான் இருக்கும், புகையும் வரும். அப்புறம் ஒரு மாற்றம் தெரியும்: விறகின் மேல் இருந்த தீ மறைந்து, விளிம்புத் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் உள்நோக்கி ஒரு நாக்கு நீளும். புகை நின்றுவிடும். துளை வழியாக வருவது வெறும் காற்றுதான். வாயு நிறைந்த இடத்துக்குள் காற்று பாய்வதால், காற்றே எரிவது போலத் தெரிகிறது. நான் இதை எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது, இன்னும் அலுக்கவில்லை.

1980-களில் அமெரிக்காவில் டாம் ரீடும், நார்வேக்காரரான பால் வெண்டல்போவும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலேயே இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முன்பே பேசியிருந்தால் ஆளுக்குச் சில வருடம் மிச்சமாகியிருக்கும்.

நீண்ட மஞ்சள் சுடர் குறைந்து குட்டையான நீலச் சுடராக மாறினால் ஆவி தீர்ந்துவிட்டது, இனி எரிவது கரி. அந்த நொடியில் தண்ணீர் விட்டோ, காற்றுப் புகாத மூடியுள்ள இன்னொரு டப்பாவில் கொட்டி மூடியோ அணைத்துவிடுங்கள். போட்ட விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரியாகக் கிடைக்கும். அதைச் சேர்த்து வையுங்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

ஈரம் என்றால் என்ன என்பதும் இந்த அடுப்பில்தான் புரியும். ஒரே மரத்தில் காய்ந்ததையும் பாதி காய்ந்ததையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அளக்கும் விதம் எளிது: 200 கிராம் துண்டுகளை 105 டிகிரி ஓவனில் எடை இனிக் குறையாது என்னும் வரை வையுங்கள். 164 கிராமில் நின்றால், போன 36 கிராம் தண்ணீர். ஈரம் 18 சதவீதம். கேசிஃபையருக்கு 20-க்கு மேல் போகக் கூடாது, 15-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து "நல்லா காஞ்சிருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள், நீங்களே சொன்னாலும் சரி.

இரண்டாம் படி: கரியில் வாயு

எஞ்சினுக்கு முதலில் கொடுக்க வேண்டியது கரியிலிருந்து வரும் வாயு. கரியில் ஆவி ஏற்கெனவே போய்விட்டது, எனவே தார் கிட்டத்தட்ட இல்லை. விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் கரி செய்யும்போதே போய்விடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. போகிறதுதான். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஓர் எஞ்சின் பிழைப்பது அதைவிட முக்கியம்.

இறுக்கமாக மூடும் 20 லிட்டர் இரும்பு வாளி போதும். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒரு பக்கமாக 25 மி.மீ. தடித்த பைப் ஒன்று உள்ளே நீள வேண்டும்; அதுதான் காற்றுக்குழல். வாயு வெளியேறும் வழி எதிர்ப்பக்கத்திலோ மூடியிலோ. கரியை உடைத்துச் சலித்து, கடலைப்பருப்பு அளவுக்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிடுங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளதையும்தான். தூள் கலந்தால் காற்று நகராது.

எரிவது குழலின் முனைக்கு முன்னால் ஒரு பந்து அளவு இடத்தில் மட்டும். அங்கே வெப்பம் இரும்பை உருக்கும் அளவுக்கு ஏறும், ஆனால் சுற்றியுள்ள கரியே காப்பாக நிற்பதால் வாளிச் சுவர் தாங்குகிறது. தாங்காதது குழலின் முனை. காற்றோடு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது இதற்கு நல்ல வைத்தியம்: முனையும் ஆறும், தண்ணீர் கரியோடு சேர்ந்து ஹைட்ரஜனும் கிடைக்கும். அதிகமானால் நெருப்பே செத்துவிடும், அதனால் சொட்டு என்றால் சொட்டுதான்.

வாயு வெளியே வரும் பைப்பில் ஒரு சிறு புளோயரை வைத்து உறிஞ்சுங்கள். புளோயருக்கு அப்பால் ஒரு நிமிர்ந்த குழாய், அதன் வாயில்தான் சோதனைச் சுடர். தொடக்கத்தில் உள்ளே காற்றும் வாயுவும் கலந்திருக்கும், அந்தக் கலவை வெடிக்கக் கூடியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நீளக் குச்சியால் பற்றவையுங்கள். மூடியைப் போல்ட் போட்டு இறுக்காமல் ஸ்பிரிங்கால் அழுத்தி வைப்பது இதற்காகவே. உள்ளே "பொம்" என்றால் மூடி ஒரு கணம் எழும்பி மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.

பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாமல் எரியலாம். கையை நீட்டிப் பார்க்க வேண்டாம், அந்தி சாயும் நேரத்தில் சோதியுங்கள்.

பைப்பில் ஆறியிருக்க வேண்டிய ஓர் இடம் திடீரென்று சுடுகிறது என்றால், அங்கே ஒரு ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து வாயு உள்ளேயே எரிகிறது. உறிஞ்சும் அமைப்பில் கசிவு வெளியே புகையாகத் தெரியாது, இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். பற்றவைக்கும் முன்பே லேசாகக் காற்றடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: விறகுக்கான தொண்டை

ஃபிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் இம்பெர்ட் 1920-களில் உருவாக்கிய வடிவம்தான் இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காத ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகளை ஓட்டியது. அதன் ரகசியம் ஒரு குறுகல். காற்றுக்குழல்களுக்குக் கீழே கலன் சட்டென்று ஒடுங்கும். தார் கலந்த ஆவி எந்தப் பக்கமும் நழுவ முடியாமல் சூடான மையத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். இதைத் தொண்டை என்று சொல்லலாம்.

தொண்டையின் அளவைக் கண்மதிப்பில் வைக்கக் கூடாது. கணக்குப் போடுவோம். 200 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், நிமிடத்துக்கு 3000 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை உறிஞ்சும், ஆக நிமிடத்துக்கு 300 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை. 240 என்று வையுங்கள். மரவாயு ஏறக்குறைய சம அளவு காற்றோடு கலந்து எரியும். ஆகவே வாயு நிமிடத்துக்கு 120 லிட்டர், மணிக்கு 7 கன மீட்டர். ஒரு கிலோ விறகு 2 முதல் 2.5 கன மீட்டர் வாயு தரும் என்பதால் மணிக்கு 3 கிலோ விறகு செலவாகும்.

இம்பெர்ட் வகைத் தொண்டையின் ஒவ்வொரு சதுர செ.மீ. வழியாகவும் மணிக்கு 0.9 கன மீட்டருக்கு மேல் வாயு போகக் கூடாது, 0.3-க்குக் கீழேயும் இறங்கக் கூடாது என்பது பழைய அனுபவ எல்லை. 7 கன மீட்டருக்கு முதல் எல்லையில் 8 சதுர செ.மீ., அதாவது 3.2 செ.மீ. விட்டம். இரண்டாவது எல்லையில் 5.4 செ.மீ. நடுவே 4 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது இரண்டு விஷயம் விளங்கும். 4 செ.மீ. ஓட்டைக்குள் 3 செ.மீ. விறகுத் துண்டுகள் இறங்காது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மேலேயே தொங்கும், கீழே வெற்றிடம் விழும், தார் நேராக வெளியேறும். துண்டுகள் ஒன்றரை செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சின்ன கேசிஃபையர்தான் சுலபம் என்று நினைத்து வருபவர்கள் அடிபடுவது இங்கேதான், பெரியதைவிட இதுதான் அடம்பிடிக்கும். இரண்டாவது, எஞ்சினைச் சும்மா மெதுவாக ஓடவிட்டால் வாயுவின் ஓட்டம் கீழ் எல்லைக்குப் போய்விடும், தொண்டை ஆறும், தார் தப்பும். பழைய நண்பரான என் வால்வு ஒட்டியதும் அப்படித்தான். சத்தம் கேட்க ஆசைப்பட்டு லோடு எதுவும் கொடுக்காமல் ஓடவிட்டிருந்தேன்.

தொண்டையே இல்லாமல் ஒரே அளவுக் குழாயாக, மேல்பக்கம் திறந்தபடி இருக்கும் எளிய வடிவம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பேரிடர் கால அமைப்பான ஃபீமா 1989-ல் வெளியிட்ட வரைபடத்தால் பரவலானது. வீட்டுச் சாமான்களைக் கொண்டே கட்டிவிடலாம், அவசரத்துக்கு அது போதும். தினமும் ஓட வேண்டிய எஞ்சினுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கலனுக்குப் பிறகு, வாயுவைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன், அப்புறம் ஆற்றும் குழாய், தண்ணீர் வடியும் டப்பா, கடைசியில் மரச்சீவலோ வைக்கோலோ அடைத்த வடிகட்டி. வடிகட்டியைப் பெரிதாக்கித் தாரைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தார் நெருப்பில்தான் ஒழிய வேண்டும். வடியும் தண்ணீரில் பீனால் போன்ற நச்சுப் பொருட்கள் இருக்கும். கையுறை போடுங்கள், மண்ணில் ஊற்ற வேண்டாம்.

வாயு தயாரா என்று பார்க்க ஒரு வெள்ளைத் துணியை அதன் வழியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். உலர்ந்த கறுப்பு என்றால் கரித்தூள், வடிகட்டி பார்த்துக்கொள்ளும். நிறமில்லாத ஈரம் என்றால் தண்ணீர். பழுப்பாக ஒட்டினால் எஞ்சின் பக்கம் திருப்பவே வேண்டாம்.

எஞ்சினில்

கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரு டி பைப், இரு கையிலும் ஒவ்வொரு பால் வால்வு: ஒன்று வாயுவுக்கு, ஒன்று காற்றுக்கு. சுடர் பத்து நிமிடமாவது நிலையாக எரிந்த பிறகு புளோயரை நிறுத்தி எஞ்சினைச் சுழற்றுங்கள். காற்று வால்வை மயிரிழையாக நகர்த்தினால் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று சீராகும், அதுதான் இடம். உடனே லோடு கொடுங்கள்.

நிறுத்தும்போது கலனில் காற்று நுழையும் வழி, வாயு வெளியேறும் வழி இரண்டையும் அடைத்துவிட வேண்டும். உள்ளே கரி பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும், வாயுவும் ஊறிக்கொண்டே இருக்கும். அன்று மூடியைத் திறக்க வேண்டாம், ஷெட்டுக்குள் தள்ளியும் வைக்க வேண்டாம்.

பகிர்ந்துகொள்ளும்போது

புதியவர்கள் அனுப்பும் படங்களில் பெரும்பாலும் பெயின்ட் அடித்த டிரம் இருக்கும், நீலச் சுடர் இருக்கும். எனக்கு வேண்டியது அது அல்ல. எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன லோடில், அதற்குப் பிறகு வால்வு எப்படி இருந்தது? தொண்டையின் விட்டம், காற்றுக்குழல்கள் எத்தனை, அவற்றின் துளை எவ்வளவு, தொண்டைக்கு எவ்வளவு மேலே, சல்லடை எவ்வளவு கீழே? விறகின் அளவும் ஈரமும்? இவை இருந்தால் இன்னொருவர் அதே மாதிரி செய்து பார்க்க முடியும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிவிட்டு நன்றாக ஓடினால், எதனால் என்று உங்களுக்கே தெரியாது.

கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது கே வகை தெர்மோகப்பிள், அதாவது அதிக வெப்பத்தை அளக்கும் கம்பி உணரி. அதைவிடப் பயனுள்ளது செலவே இல்லாதது: ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயை யு வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கலனின் வாயு வழியில் சொருகுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம்தான் கலனின் நாடித்துடிப்பு. மெல்ல மெல்ல ஏறினால் சல்லடையில் சாம்பல் அடைக்கிறது, ஆட்டிவிடுங்கள். திடுமென இறங்கினால் விறகு மேலே தொங்கிக்கொண்டு கீழே வெற்றிடம் விழுந்திருக்கிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இன்னொன்று வைத்தால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும்.

என் நோட்டிலிருந்து ஒரு நாள், அப்படியே:

"தொண்டை 4 செ.மீ. குழல் 5, துளை 6 மி.மீ. பலகைத் துண்டு ஒன்றரை செ.மீ., ஈரம் 14%. 3 மணி 10 நிமிடம் ஓடியது, லோடு ஒரு கிலோவாட். விறகு 7.8 கிலோ. படுகை 6 செ.மீ. தண்ணீரில் தொடங்கி 17-ல் முடிந்தது, நடுவில் இரண்டு தடவை ஆட்டினேன். வடிந்த தண்ணீர் வெளிர் மஞ்சள், எண்ணெய்ப் படலம் இல்லை. வால்வில் லேசான பழுப்பு, துணியால் துடைத்தால் போகிறது. அடுத்த முறை சல்லடையை 2 செ.மீ. கீழே இறக்கிப் பார்க்க வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது."